மெட்டு யாருடையது, பாதை யாருடையது: ஜாஸ் இசையின் கார்டு வரிசைகள் குறித்த சமூக வரலாறு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஜாஸ் இசையின் கார்டு வரிசை என்று தலைப்புக் கொடுத்ததும், "இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று நம் தோழர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மனுவின் படியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இவை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை. கறுப்பினக் கவிதைகளையும் தன்வரலாறுகளையும் தமிழில் படித்திருக்கிறோம், விவாதித்திருக்கிறோம். ஆனால் அவர்களுடைய இசை என்று வரும்போது மட்டும் "வலியின் குரல்", "ஆன்மாவின் கதறல்" என்ற இரண்டு சொற்றொடர்களோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்தச் சொற்றொடர்கள்மீது நமக்குச் சந்தேகம் உண்டு. பறையடிக்கும் கலைஞரைப் பார்த்து, "இது அவங்க ரத்தத்துலயே ஊறினது" என்று பாராட்டுகிறவர்களை நாம் அறிவோம். ரத்தத்தில் ஊறியதைக் கற்க வேண்டியதில்லை. கற்காத ஒன்றை அறிவு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அறிவு என்று ஒப்புக்கொள்ளாததற்கு உரிய கூலியும் தர வேண்டியதில்லை. பாராட்டில் தொடங்கிக் கூலிக் குறைப்பில் முடிகிற தருக்கம் இது. ஜாஸ் கலைஞர்கள்மீதும் இதே தருக்கம்தான் ஏவப்பட்டது. இதற்குப் பதில் சொல்ல, அவர்கள் செய்த வேலையின் உள்கட்டுமானத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆகவே இன்று கொஞ்சம் இலக்கணமும் பேசப்போகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு. இளையராஜாவின் பாடல்களோடு வளர்ந்த நம் காதுக்கு அது புதிதல்ல, பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கலாம். பாடகர் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்க, கீழே கிட்டாரோ பியானோவோ நகர்ந்தால் அந்தச் சுரத்தின் நிறமே மாறிவிடுகிறதே, அது கார்டு செய்யும் வேலை. கர்நாடகக் கச்சேரியில் தம்புரா தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆதார சட்ஜத்தில் நிற்கும். ஜாஸில் அந்த ஆதாரமே நடுவழியில் இடம்பெயரலாம். மெல்லிசை மேடைகளில் "ஸ்கேல் மாறுது" என்பார்களே, அதுதான். கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கை ஜாஸ் கலைஞர்கள் 'சேஞ்சஸ்', அதாவது மாற்றங்கள், என்றே அழைத்தார்கள்.

ஒரு மாற்றம் எப்படி நிகழ்கிறது? ஜி செவன்த் என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஜி, பி, டி, எஃப் என்று நான்கு சுரங்கள். பி, எஃப் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு முரண் பிறக்கிறது. பி மேலே ஏறி சி ஆகத் துடிக்கும், எஃப் கீழே இறங்கி ஈ ஆகத் துடிக்கும். இரண்டும் அப்படி நகர்ந்ததும் சி மேஜர் கார்டு வந்து நிற்கிறது. காதுக்கு வீடு திரும்பிய உணர்வு. வேறு சுருதிக்குப் போக வேண்டுமென்றால், அந்தச் சுருதியை நோக்கி இழுக்கும் கார்டை முன்னால் வைத்தால் போதும். பாதை போட்டாகிவிட்டது. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கும் இது தெரிந்ததுதான். இந்த இழுவிசையை வைத்து யார் என்ன கட்டினார்கள், கட்டியது யாருடைய பெயரில் பதிவானது என்பதுதான் நம் கேள்வி.

பதிவு என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு, ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழுவினுடையது. அதில் இருந்த 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' யாருக்குச் சொந்தம் என்று அதே ஆண்டில் சிகாகோ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வாதி, பிரதிவாதி இருவருமே வெள்ளையர்கள். இருவருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பானது. கறுப்பின மக்களிடையே பிறந்து வளர்ந்த ப்ளூஸ், யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்தாக ஆவணமேறியது. அந்த மக்களில் எவரும் வழக்கில் தரப்பாகக்கூட இல்லை. நிலப் பதிவேடுகளின் வரலாற்றைப் படித்த நம் மாணவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். அதன் கண்ணுக்குப் படைப்பு என்றால் தாளில் எழுதப்பட்ட இசைக்குறிப்பு. மெட்டும் பாடல் வரியும் பாதுகாக்கப்பட்டன. மேடையில் அந்தக் கணத்தில் உருவாகும் கற்பனை வாசிப்புக்குப் பாதுகாப்பில்லை. ஒலிப்பதிவுக்கும் 1972வரை மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில்லை. பலருக்கும் பொதுவான கார்டு வரிசைக்கு யாரும் உரிமை கோர முடியாது. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் பாட்டுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை. அது மெட்டின் உரிமையாளருக்குப் போய்ச்சேரும், வாசித்தவருக்கு அல்ல. உரிமைத்தொகையை வசூலித்துத் தர 1914இல் உருவான ஆஸ்காப் சங்கத்தில் கறுப்பினப் படைப்பாளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. தொடக்க கால ஜாஸின் பெரும் படைப்பாளியான ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கே 1939இல்தான் கதவு திறந்தது. 1941இல் அவர் இறந்துவிட்டார்.

சுருங்கச் சொன்னால், மெட்டு பட்டா நிலம், கார்டு வரிசை புறம்போக்கு. கறுப்பினக் கலைஞர்கள் புறம்போக்கில் வீடு கட்டினார்கள்.

1930இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் ஒரு பிராட்வே நாடகத்துக்காக 'ஐ காட் ரிதம்' என்ற பாட்டை எழுதினார். நான்கு தட்டு கொண்ட தாளக் கூற்றைப் பார் என்பார்கள். அச்சில் அந்தப் பாட்டு 34 பார்கள். ஜாஸ் கலைஞர்கள் கடைசி இரண்டு பார்களை வெட்டி எறிந்து 32 ஆக்கினார்கள். எட்டு எட்டாக நான்கு பகுதிகள், அதில் மூன்றாவது மட்டும் வேறு. மற்ற மூன்றிலும் பி ஃப்ளாட் சுருதியில், ஒரு வட்டம்போல் கார்டுகள் சுற்றி வரும். மூன்றாவதான இடைப்பகுதியில் டி, ஜி, சி, எஃப் என்று நான்கு செவன்த் கார்டுகள் இரண்டிரண்டு பார்களுக்கு நிற்கும். ஒவ்வொன்றும் அடுத்ததை நோக்கி இழுக்கும், கடைசி எஃப் மறுபடி பி ஃப்ளாட் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மெட்டைக் கழற்றிவிட்டு இந்த எலும்புக்கூட்டின்மேல் வேறு மெட்டுகள் வந்தன. 1932இல் சிட்னி பெஷே, 1939இல் லெஸ்டர் யங், 1940இல் டியூக் எலிங்டன், அதற்குப் பின் எண்ண முடியாத பலர். இன்றும் ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஜாஸ் கலைஞர்கள் ஒரு மேடையில் சந்தித்தால், 'ரிதம் சேஞ்சஸ், பி ஃப்ளாட்' என்ற சொற்களே ஒத்திகைக்குப் போதும்.

இந்தப் புறம்போக்குக் குடியிருப்பு ஊராக மாறிய இடங்களில் ஒன்று நியூயார்க்கின் ஹார்லெமில், 118ஆம் தெருவில் இருந்த மிண்டன்ஸ் பிளேஹவுஸ். 1938இல் ஹென்றி மிண்டன் என்ற சாக்ஸபோன் கலைஞர் தொடங்கியது. அம்பேத்கர் 1913 முதல் 1916வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போகலாம். அவர் அங்கிருந்த நாளில் இந்த விடுதி இல்லை, ஆனால் ஹார்லெம் கறுப்பின மக்களின் நகரமாக மாறிக்கொண்டிருந்தது. 1940க்குப் பிறகு தெலோனியஸ் மங்க் பியானோவிலும் கென்னி கிளார்க் டிரம்ஸிலும் அமர, வேலை முடிந்த கலைஞர்கள் நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்ந்துகொண்டார்கள். பெரிய பேண்டுகளில் சீருடை போட்டு, வெள்ளையர் நடனத்துக்கு வாசித்து, பின்வாசல் வழியாக வெளியேறியவர்கள் தங்களுக்காக வாசித்துக்கொண்ட நேரம் அது. 1941இல் ஜெர்ரி நியூமன் என்ற கொலம்பியா மாணவர் ஒரு பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போயிராவிட்டால், கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் அந்த இரவுகள் நமக்குக் கேட்கவே கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டே, 25 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. 1942 ஆகஸ்ட்டில் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கி, பெரிய நிறுவனங்களோடு 1944 நவம்பர்வரை நீடித்தது. பீபாப் என்ற புதிய இசை பிறந்து தவழ்ந்த ஆண்டுகள் பெரும்பாலும் இசைத்தட்டுக்கு வெளியேதான் கழிந்தன.

மிண்டன்ஸில் நடந்த ஒரு தந்திரத்தைப் பார்ப்போம். ஜி செவன்த்தில் பி, எஃப் என்ற இரண்டு சுரங்கள்தான் இழுக்கின்றன என்றோம். அதே இரண்டு சுரங்கள் டி ஃப்ளாட் செவன்த் என்ற, வெகுதூரத்தில் இருக்கும் கார்டிலும் இருக்கின்றன. அப்படியானால் ஜி இருக்கும் இடத்தில் டி ஃப்ளாட்டை உட்காரவைக்கலாம். இழுவிசை அப்படியே இருக்கும், நிறம் முழுக்க வேறாகிவிடும். மங்கும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் இப்படி மாற்றுக் கார்டுகளை அடுக்கி, தெரிந்த பாட்டையே தெரியாத ஊராக்கினார்கள். தகுதியில்லாமல் மேடையேற வருபவர்களை விரட்டத்தான் அப்படிச் செய்தோம் என்று கில்லெஸ்பியே தன்வரலாற்றில் ஒளிக்காமல் சொல்கிறார்.

இதைக் கேட்டவுடன் நமக்கு உறுத்த வேண்டும். அறிவைக் கடினமாக்கிப் பிறரை வெளியே நிறுத்துவது நமக்கு நன்றாகத் தெரிந்த உத்தி அல்லவா? எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். நாங்கள் வந்துசேர்ந்த இடம் இது: மிண்டன்ஸின் கதவு பிறப்பால் பூட்டப்பட்டதல்ல. கேட்டு, வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்து, அடுத்த வாரம் திரும்பி வந்தவனுக்கு அது திறந்தது. கேட்பவன் காதில் ஈயம் ஊற்றிய மரபோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் "அவன்" என்று ஆண்பாலில் சொன்னது தற்செயல் அல்ல. அந்த இரவு விடுதியின் மேடை ஆண்களின் மேடைதான். அதே ஆண்டுகளில் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான மேரி லூ வில்லியம்ஸின் ஹாமில்டன் டெரஸ் வீட்டில் மங்க், பட் பவல், டாட் டாமரன், கில்லெஸ்பி எல்லோரும் கூடினார்கள். புதிய கார்டுகளைப் பியானோவில் வாசித்துக் காட்டி விவாதித்தார்கள், அவரிடம் கற்றுக்கொண்டார்கள். மிண்டன்ஸ் இசைப் புரட்சியின் கூடமென்றும் அந்த வீடு நண்பர்கள் வந்துபோன இடமென்றும் எழுதப்படும் வரலாறுகளைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். 1945இல் தன் 'ஸோடியாக் ஸூட்'டை வெளியிட்ட ஒருவர் வெறும் தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

இனி 1945 நவம்பர் 26க்கு வருவோம். சவாய் நிறுவனத்துக்காகச் சார்லி பார்க்கர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகிறார். வாசிக்க எடுத்துக்கொண்டது 'செரோக்கி' என்ற பாட்டின் கார்டு வரிசை. 1938இல் ரே நோபிள் என்ற ஆங்கிலேயர் எழுதிய பாட்டு அது. செரோக்கி பழங்குடிகள் தம் மண்ணிலிருந்து படைகொண்டு விரட்டப்பட்டது 1838இல். சரியாக நூறாண்டு கழித்து அவர்கள் பெயர் ஒரு காதல் பாட்டுக்கு அலங்காரமாகிறது. போகட்டும். பாட்டின் அமைப்புக்கு வருவோம். வழக்கமான 32க்குப் பதிலாக 64 பார்கள். வீடு பி ஃப்ளாட். இடைப்பகுதி வந்ததும் திடீரென்று அரைச்சுரம் மேலே, பி மேஜருக்குத் தாவுகிறது. சாக்ஸபோன்காரர்களின் விரல் வெறுக்கிற சுருதி. அங்கிருந்து ஏ மேஜர், பிறகு ஜி மேஜர் என்று படிப்படியாக இறங்கி, ஒரு வளைவு எடுத்து வீட்டுக்கு வருகிறது. பல கலைஞர்கள் அந்த இடைப்பகுதியைப் பியானோகாரரிடம் விட்டுவிட்டுச் சும்மா நின்றார்கள். பார்க்கர் இளம் வயதில் அந்த இடத்தையேதான் திரும்பத் திரும்பப் பயின்றார். கார்டின் மேலடுக்கில் இருக்கும் சுரங்களைக் கொண்டே மெட்டுக் கட்டலாம் என்ற தன் கண்டுபிடிப்பு, 'செரோக்கி'யை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் நிகழ்ந்தது என்று அவர் கூறியதாகப் பதிவு இருக்கிறது.

முதல் முயற்சியில் பார்க்கரும் கில்லெஸ்பியும் ஒரு முன்னிசையை வாசித்துவிட்டு, 'செரோக்கி'யின் மெட்டைத் தொடங்குகிறார்கள். சில நொடிகளில் குரலும் கைத்தட்டலும் விசிலுமாக நிறுத்தப்படுகிறது. அந்த அறுந்த பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்: அந்த மெட்டு ஒலித்தால் உரிமைத்தொகை கட்ட வேண்டும். அடுத்த முயற்சியில் மெட்டே இல்லை. முன்னிசை முடிந்ததும் நேராகக் கற்பனை வாசிப்பு. நிமிடத்துக்கு 300 தட்டுகளை நெருங்கும் வேகத்தில், 64 பார்கள் இரண்டு சுற்று, இடைப்பகுதியின் சுருதி மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரைந்து காட்டிக்கொண்டே பார்க்கர் போகிறார். மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ், மறுபடி அந்த முன்னிசை, முடிந்தது. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பெயர் 'கோ-கோ'. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த இசைத்தட்டுகளில் ஒன்று, உரிமைத்தொகைக் கணக்கில் பிறந்தது.

மெட்டு விலக்கப்பட்டதால்தான் பாதை முழுசாகத் தெரிந்தது என்று இதைக் கொண்டாடும் எழுத்து நிறைய உண்டு. நாமும் கொண்டாடுகிறோம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான். உரிமைத்தொகை கட்டாமல் தப்பித்தது யார்? முதலில் இசைத்தட்டு நிறுவனம். பிறர் மெட்டுக்குக் காசு கட்டுவதைவிட, கலைஞரிடம் புது மெட்டை மலிவாக வாங்கிக்கொள்வது அந்தக் காலச் சிறு நிறுவனங்களுக்கு லாபமாக இருந்தது. கலைஞரின் பெயருக்கு ஒரு படைப்பு சேர்ந்தது உண்மை. அந்தப் பெயரும் எவ்வளவு நாள் அவர் கையில் இருந்தது? 'ரிதம் சேஞ்சஸ்'மேல் பார்க்கர் கட்டிய ஒரு படைப்பின் தலைப்பு, 'மூஸ் த மூச்', அவருக்குப் போதைப்பொருள் விற்றவரின் பட்டப்பெயர். 1946இல் தன் உரிமைத்தொகையில் பாதியை அந்த மனிதருக்கே எழுதிக் கொடுத்தார். 'டோனா லீ' பார்க்கர் பெயரில் பதிவானது. அது தன் படைப்பு என்று மைல்ஸ் டேவிஸ் சொன்னார். புறம்போக்கில் வீடு கட்டியவனுக்கு வீடு மிஞ்சுவது அபூர்வம்.

இந்தக் கணக்குகளையெல்லாம் மங்க் ஒரு சொல்விளையாட்டில் சுருக்கினார். 'ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ' என்று 1929இல் வந்த ஒரு காதல் பாட்டு: நீ மட்டும், நான் மட்டும். அதன் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டு விட்டுக் கொட்டும் சில கார்டுகளால் ஒரு படைப்பைச் செய்தார். நீயும் நானும் சேர்ந்தால் 'ஜஸ்ட் அஸ்', நாம் மட்டும். வேகமாகச் சொன்னால் 'ஜஸ்டிஸ்', நீதி. நீதிக்குத் தேவை சாட்சியம். 1948இல் பதிவானபோது தலைப்பு 'எவிடன்ஸ்'. கறுப்பின மனிதன் அமெரிக்க நீதிமன்றத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பு சிரிப்பை மட்டும் தந்திருக்காது.

பகுப்பாய்வு பற்றியும் பேச வேண்டும். மாணவர்கள் இங்கே அதிகம். 1958 நவம்பரில் கன்தர் ஷுல்லர் என்ற வெள்ளையின இசையறிஞர், சன்னி ரோலின்ஸின் 'ப்ளூ செவன்' வாசிப்பை வரிவரியாக ஆராய்ந்து புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். மேலான மரியாதையோடு எழுதப்பட்டது. ரோலின்ஸோ அதைப் படித்ததும் தன்னைத் தானே கவனிக்கத் தொடங்கித் தடுமாறியதாகப் பின்னர் சொன்னார். சில ஆண்டுகளில் அமிரி பராகா, அன்றைய பெயரில் லீராய் ஜோன்ஸ், வெள்ளை விமர்சகர்களைப் பார்த்துக் கேள்வி எழுப்பினார்: அந்தச் சுரங்களை வாசிக்கவைத்த வாழ்க்கை நோக்கைத் தவிர்த்துவிட்டுச் சுரங்களை மட்டும் ஆராய்வதால் என்ன புரியும்? பராகாவின் கேள்வி சரியானது. ஆனால் நம்மில் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, இலக்கணமே மேல்சாதிச் சரக்கு, நமக்கு உணர்வு போதும் என்று பேசுகிறார்கள். அங்கேதான் நாம் வேறுபடுகிறோம். கார்டைப் பற்றிய கோட்பாடு வெளியிலிருந்து வந்து கறுப்பின இசைமேல் ஒட்டவைக்கப்பட்டதல்ல. ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற கறுப்பினக் கலைஞர், எல்லா மாற்றங்களையும் கற்க விரும்புவதாக மைல்ஸ் டேவிஸ் சொன்ன ஒரு பேச்சைப் பற்றிக்கொண்டு, காசநோயால் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த மாதங்களில் யோசித்து, 1953இல் 'லிடியன் கிரோமாட்டிக் கான்செப்ட்' என்ற நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு கார்டுக்கும் அதன் தாய்வீடாக ஓர் அளவுகோல் உண்டு என்பது அதன் மையம். ஜாஸின் உள்ளிருந்தே பிறந்த முதல் பெரும் கோட்பாடு இது. இதை எழுதியவர் பேராசிரியராக இருந்து எழுதவில்லை.

அந்தச் சிந்தனை எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை 1959 காட்டுகிறது. அந்த ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைப் பதிவு செய்தார். அதில் 'ஸோ வாட்' என்ற படைப்பின் 32 பார்களில், டி என்ற ஆதாரத்தில் 16 பார்கள், அரைச்சுரம் ஏறி ஈ ஃப்ளாட்டில் 8, திரும்ப டியில் 8. அவ்வளவுதான் மாற்றம். ஓடியது போதும், நின்று பார்ப்போம் என்பதுபோல. அந்தப் பதிவில் சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஒருவரான ஜான் கோல்ட்ரேன், சில வாரங்களிலேயே, மே மாதத்தில், தன் 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டைப் பதிவு செய்கிறார். 16 பார்களில் 26 கார்டுகள். சுருதிகள் மூன்று: பி, ஜி, ஈ ஃப்ளாட். எண்சுர மண்டலத்தின் 12 அரைச்சுரங்களை வட்டமாக வைத்தால் இவை மூன்றும் சம தூரத்தில் நிற்கும். எது வீடு, எது வெளியூர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் வீடு, ஒவ்வொன்றிலும் நிற்க நேரமில்லை. பியானோவில் இருந்த டாமி ஃபிளானகன், தேர்ந்த கலைஞர், தன் முறை வந்ததும் திணறுவது அந்தப் பதிவில் அப்படியே கேட்கிறது. கோல்ட்ரேனோ மாதக்கணக்கில் அந்த மாற்றங்களிலேயே குடியிருந்தவர். பயிற்சிக்கும் 'ரத்தத்துக்கும்' உள்ள வேறுபாட்டை அறிய அந்த ஒரு பதிவை இரண்டுமுறை கேட்டால் போதும். இருவரும் கறுப்பினத்தவர்களே. பாதையை நடந்து நடந்து பழகியவர் ஒருவர், அவ்வளவு பழகாதவர் மற்றவர்.

1959இல் இந்த இரண்டு பதிவுகளும் எதிரெதிர்த் திசையில் போனவை என்று பாடநூல்கள் சொல்லும். ஒரே மனிதன் இரண்டிலும் வாசித்தான் என்பதை மறக்காமல் படியுங்கள்.

உரைக்குப் பின் விவாதம் வைப்பதற்கு முன்பாக மூன்று பதிவுகளை ஒலிக்கச் செய்தோம். அச்சில் படிப்பவர்களும் இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள். முதலில் சார்லி பார்னெட் குழு 1939இல் வாசித்த 'செரோக்கி', மெட்டு மனதில் பதியும்வரை. அடுத்து, பார்க்கரும் கில்லெஸ்பியும் அந்த மெட்டைத் தொட்டவுடன் நிறுத்தப்படும் அறுந்த பதிவு. மூன்றாவது 'கோ-கோ'. இடைப்பகுதி வரும்போது, ஒலிக்காத அந்த மெட்டை உங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள். பி மேஜரில் பார்க்கர் எங்கே கால் வைக்கிறார் என்று தெரியும்.